அந்த ‘நான்’ உன் அம்மா இல்லை

சஃபியா,

உன் செய்தி போனில் அப்படியே இருக்கிறது. “அத்தா, புக் அச்சுக்குப் போகுது. அந்தக் கதை அதுல இருக்கட்டுமா, எடுத்துரவா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.” ஒரு வார்த்தையில் முடித்துவிடத்தான் நானும் நினைத்தேன். ரிப்பேருக்கு வந்த ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, ஸ்க்ரூவையெல்லாம் மூடியில் போட்டு வைத்துவிட்டு, போனை எடுப்பேன். ‘சரி’ என்று அடிப்பேன். அழிப்பேன். ‘வேண்டாம்’ என்று அடிப்பேன். அதையும் அழிப்பேன். இரண்டுமே பொய்யாகப் பட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை, உன் கதை முதலில் வந்த அதே இணைய இதழுக்கும் அனுப்புகிறேன். நம் வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் நீ வைத்தாய். பதிலும் அங்கேயே இருக்கட்டும். உனக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உனக்குத் தெரிந்ததைத்தான் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவன். உத்தமபாளையத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்துச் சுவர் எப்படி எதிரொலிக்கும் என்று எனக்குத் தெரியும். கதை, கவிதை பக்கம் போனவன் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் மனைவியைப் பறிகொடுத்தேன், இன்னும் வருஷம் திரும்பவில்லை. “சின்ன வயசு, இன்னொரு நிக்காஹ் முடிச்சுக்கங்க” என்று கடை வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டு, “பாப்பம்” என்பேன். கோபம்கூட வருவதில்லை. எதுவுமே வருவதில்லை. உன் கதையைப் படித்த அன்றைக்குத்தான் மாதக்கணக்கில் முதல்முறையாக எனக்கு ஏதோ ஒன்று வந்தது. அது நல்லதாக இல்லை.

கதையைக் கொண்டுவந்தது உன் காஜா மாமா. கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம். திராட்சைக் கமிஷன் கடையிலிருந்து நேராக வந்தவன், கைலியை மடித்துக் கட்டியபடி ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“மச்சான், பாத்தீகளா இல்லையா?”

“என்னத்த?”

“உங்க மக எழுதுன கதைய. குரூப்புல போட்டேன்ல.”

“குரூப்ப நான் எங்க மாப்ள பாக்குறேன்.”

“நீங்க பாக்கல, சொந்தம் பூரா பாத்துருச்சு. கம்பத்துலருந்து மாமி போன் போட்டுக் கேக்குறாக, நெசமான்னு. பெத்த தகப்பன இப்படியா எழுதுவாக? உங்கள மனுசனாவே வைக்கல, மச்சான்.”

“படி, கேப்போம்” என்றேன். அவன் போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, கமிஷன் கடையில் ஏலம் விடுகிற குரலில் வாசித்தான். முதல் வரி: ‘ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லவில்லை.’

அந்த வரியைக் கேட்டதும் கையில் இருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அது உண்மை. நம் ஊரில் பெண்கள் மௌத்தானால் பள்ளிவாசல் மைக்கில் பெயரைச் சொல்வதில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய சகோதரி, இத்தனை மணிக்கு நல்லடக்கம் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்குப் பாங்கு சொல்கிற மோதினார், ‘மைக்செட் கடைக்காரர் அவர்களுடைய மனைவியும், திராட்சைக் கமிஷன் காஜா அவர்களுடைய சகோதரியுமானவர்கள்’ என்றார். பள்ளிவாசலில் அந்த ஹாரன் ஸ்பீக்கரை மாட்டியவன் நான். தெரு முக்கு வரைக்கும் பிசிறில்லாமல் கேட்க வேண்டும் என்று ஏணி போட்டு ஏறி, கோணம் பார்த்துத் திருப்பி வைத்தவன். கேட்டது, பிசிறில்லாமல். நீ வீட்டுக்குள் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் உன்னைக் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன். ஆனால் கதை முழுக்க அவள் ‘நான்’, ‘நான்’ என்று பேசிக்கொண்டே போகிறாள். ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவளே சொல்கிறாள். மூன்றாம் மாடி ஜன்னலில் இருந்து பார்க்கிறாள். கீழே வேனுக்குள் அவளுடைய கணவன் வயரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், மேலே வரவில்லை. கடைசியில் கபர்ஸ்தானில் அவள் மேல் மண் விழும்போது ஒரு போன் அடிக்கிறது. ‘அது என் கணவரின் கையில் இருந்தது. அப்போதும் அவர் தள்ளித்தான் நின்றிருந்தார்.’ கதை அங்கே முடிகிறது. காஜா போனைப் பையில் போட்டுக்கொண்டு, “பாத்தீகளா?” என்றான். கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

சஃபியா, எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். ‘நான்’ என்று எழுதியிருந்தால் அது அந்த ஆள் சொன்னது என்றுதான் எனக்கு அர்த்தம். ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்கிற மனு அப்படித்தான், கோர்ட்டில் கொடுக்கிற வாக்குமூலமும் அப்படித்தான். ஆக, இதெல்லாம் உன் அம்மா உன்னிடம் சொன்னது என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், சாகும்போது மகளைக் கூப்பிட்டு என்னைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மகள் அதை ஊரறியப் போட்டுவிட்டாள். ஒரே மத்தியானத்தில் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டீர்கள்.

அன்று சாயந்திரம் உனக்குப் போன் போட்டேன். நாம் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய்.

“அத்தா, அது அம்மா இல்ல. அது கதைசொல்லி.”

“கதைசொல்லின்னா யாரு?”

“கதைக்குள்ள ‘நான்’னு பேசுற ஆளு. அது நானும் இல்ல, அம்மாவும் இல்ல. நான் உண்டாக்குன ஒரு ஆளு.”

“நீ உண்டாக்குன ஆளுக்கு உங்கம்மா சேலைய எதுக்குடி கட்டிவிட்ட?”

அதற்கு நீ, “அதுல வர்ற புருசனும் நீங்க இல்லத்தா” என்றாய்.

“வேன் என்னோடது. வயர் என்னோடது. மைக்செட்டு என்னோடது. ஆளு மட்டும் வேறயா?”

“உங்களுக்குப் புரியல.”

“ஆமா, புரியல. நான் பாலிடெக்னிக் படிச்சவன்தான” என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினேன். அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. இப்போது இந்த ஒரு வார்த்தைக்காக நீ செய்தி அனுப்பியிருக்கிறாய்.

இத்தனை நாள் நான் சும்மா இருக்கவில்லை. என் தொழிலில் ஒரு கோளாறு உண்டு. மண்டபத்தில் நாலைந்து மைக் இருக்கும், திடீரென்று ஸ்பீக்கர் கீச்சென்று கத்தும். பெண் வீட்டுக்காரர் காதைப் பொத்துவார், மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்னை முறைப்பார். எந்த மைக் வழியாகச் சத்தம் திரும்ப உள்ளே போகிறது என்று பார்க்க, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வர வேண்டும். எதை மூடினால் கத்தல் நிற்கிறதோ அதுதான். உன் கதையையும் அப்படித்தான் எடுத்துவைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரியாக, இதை அவள் சொல்லியிருப்பாளா, இது அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். படிக்கத் தெரிந்தவர்கள் இதை எப்படிச் செய்வார்களோ தெரியாது. எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

முதலில் குரல். என் போனில் அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கின்றன. பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் கடைக்கு அனுப்பியவை. “ஏங்க, வரும்போது அந்த… சரி விடுங்க, நானே போய்…” “கேஸ்காரரு வந்தாரு, நான் சொன்னேன், அவரு என்னமோ…” எதையும் முடிக்க மாட்டாள். மீதியை நாம் புரிந்துகொள்ள வேண்டும், புரியாவிட்டால் நாம்தான் மக்கு. உன் கதையில் வருகிறவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் முற்றுப்புள்ளி வைத்து முடிக்கிறாள். ‘தனிமை என் எலும்புகளில் ஏறி உட்கார்ந்தது’ என்கிறாள். உன் அம்மா ‘தனிமை’ என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் கூடலூர் கல்யாணத்துக்குப் போய் மறுநாள் வந்தால், “வீடு ஓன்னு கெடந்துச்சு” என்பாள். அவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொண்டே சோற்றை எடுத்து வைப்பாள். நீ எழுதியது அவளுடைய குரல் இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் பாதி மூச்சு வந்தது. அவள் சொல்லவில்லை. ஆனால் அப்படியானால் சொல்வது யார்?

அதற்குப் பதில் அந்த ஜன்னலில் இருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த கட்டில் சுவர் ஓரமாக, நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து தெரிந்ததெல்லாம் பச்சைத் திரைதான். அவளால் எழுந்து நடக்கவும் முடியாது. வண்டி நிறுத்துகிற இடம் தெரிகிற ஜன்னல் வராண்டாக் கடைசியில் இருந்தது. அதன் கீழேதான் குடிதண்ணீர்க் குழாய். அங்கே பாட்டிலை எடுத்துக்கொண்டு போனது யார்? வேனுக்குள் ஒருவன் வயரைச் சுற்றுவதும், சுற்றியதைப் பிரிப்பதும், மறுபடி சுற்றுவதுமாக இருந்ததைப் பார்த்தது யார்? சுற்றினான் என்று எழுதினால் வேலை என்று நினைப்பார்கள். நீ பிரித்ததையும் எழுதியிருக்கிறாய். அதையே திரும்பத் திரும்பச் செய்தான் என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப நேரம் நின்று பார்த்தவளால்தான் அப்படி எழுத முடியும். வாய் உன் அம்மாவுடையது என்று எழுதிவிட்டாய், கண் உன்னுடையது. ‘அவர் மேலே வரவில்லை’ என்று குறை சொல்கிறதே ஒரு குரல், அது அவளுடையது இல்லை. நீதான் என்னைக் கேட்கிறாய். நேராகக் கேட்க முடியாமல், கபருக்குள் கிடக்கிறவளை எழுப்பி அவள் வாயால் கேட்க வைத்திருக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைத் திட்டு. உன் வாயால் திட்டு. நான் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறவள் வாயால் ஏன் திட்டுகிறாய்?

இது தெரிந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ரொம்பக் கடுமையான கடிதம். நல்லவேளை, அதற்கு முன்னால் இன்னொரு தடவை படித்தேன். அப்போதுதான் நடுவில் ஒரு வரி தட்டுப்பட்டது. காஜா வாசித்தபோது அதை வேகமாகத் தாண்டிவிட்டான், நானும் கவனிக்கவில்லை. கதையில் மகள் கேட்கிறாள், அத்தா ஏன் வரவில்லை என்று. அதற்குத் தாய் சொல்கிறாள்: “பெரிய ஆர்டருடி. கல்யாண சீசன்ல, உங்கத்தா என்னத்தச் செய்வாக, அதுனால…”

கையிலிருந்த போனை மேஜை மேல் வைத்துவிட்டேன். அது அவள். அந்த ‘என்னத்தச் செய்வாக’, முடிக்காமல் விட்ட அந்த ‘அதுனால’, அதற்குப் பிறகு நாமே நிரப்பிக்கொள்ள வேண்டிய அந்த இடம். மொத்தக் கதையிலும் அந்த ஒரு வரி மட்டும்தான் உன் அம்மா. அதை நீ உண்டாக்கவில்லை. உன்னால் உண்டாக்க முடியாது. அவள் சொன்னதைக் கேட்டு அப்படியே எழுதியிருக்கிறாய்.

அந்த ஒரு வரிதான் பொய்.

எனக்கு அப்போது ஒரு ஆர்டரும் இல்லை, சஃபியா. வந்ததையெல்லாம் சின்னமனூர்க்காரரிடம் கைமாற்றிவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்தவன் நான். மேலே வந்தேன். நீ பாட்டிலோடு வெளியே போயிருந்தாய். அவளைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “ஏங்க, நீங்க இங்கன வந்து இப்படி நின்னீகன்னா புள்ள பயந்துரும். அவ தைரியமா இருக்கா. கீழயே இருங்க. நான் கூப்புடுறேன், அப்ப…” அந்த ‘அப்ப’வையும் அவள் முடிக்கவில்லை. நான் கீழே போனேன். கூப்பிடுவாள் என்று போனை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, வயரை எடுத்துச் சுற்றினேன்.

இப்போது உனக்குப் புரியும். என்னிடம், புள்ளைக்காகக் கீழே இரு என்றாள். உன்னிடம், அத்தாவுக்கு வேலை என்றாள். ஜன்னலிலிருந்து நீ என்னைப் பார்ப்பாய் என்று அவள் நினைக்கவில்லை. நான் அழுவதை நீ பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். என் மானத்தைக் காப்பாற்றியதாகவும் நினைத்திருக்கலாம். ஆனால் உன் கணக்கில் என்னை வராத தகப்பனாக ஆக்கிவிட்டு, அதைச் சரிசெய்யாமலே போய்விட்டாள். உன் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் அவளிடம் கொட்டலாம் என்று பார்த்தால், அவள் இல்லை. பீரோவைத் திறந்தேன், மூடினேன். அவளுடைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைப் போட்டேன். “வரும்போது பால் ஒரு பாக்கெட்டு…” என்றாள்.

கபர்ஸ்தானில் அடித்த அந்தப் போனுக்கு வருகிறேன். நீ அங்கே வரவில்லை, பெண்கள் வருவதில்லை. ஆகவே அந்த இடம் முழுவதும் நீ கேட்டு எழுதியதுதான். மரத்தை எழுதியிருக்கிறாய், அங்கே மரம் கிடையாது. அதை விடு. ‘தள்ளி நின்றார், கையில் போன் அடித்தது’ என்று உனக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு காஜாவைக் கடைக்கு வரச் சொன்னேன்.

“மாப்ள, அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு சஃபியாட்ட நீ என்ன சொன்ன?”

“நான் என்ன சொன்னேன்? அவ அழுதுக்கிட்டே கேட்டா, அத்தா எங்க நின்னாகன்னு. தள்ளி நின்னாகன்னு சொன்னேன். நின்னீகள்ல?”

“நின்னேன். போனப் பத்தி?”

“அது… மச்சான் கையில போன் அடிச்சுச்சு, சனம் பூரா திரும்பிப் பாத்துச்சுன்னு சொன்னேன். அடிச்சுச்சுல்ல?”

“அடிச்சுச்சு. அந்தப் போன் யாரோடது, மாப்ள?”

அவன் என்னைப் பார்த்தான். கடை வாசலில் குமுளிக்குப் போகிற ஜீப்காரன் “ஒரு ஆளு, ஒரு ஆளு” என்று கத்திக்கொண்டிருந்தான். காஜா அவன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “அல்லாவே,” என்றான். “என்னோடது மச்சான். குழிக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி உங்க கையில குடுத்தேன்ல.”

“வாட்ச்சும் பர்சும் சேத்துக் குடுத்த.”

“செக்போஸ்ட்டுல லாரி நின்னுச்சு. டிரைவரு போன் அடிச்சிருப்பான். நான் ஒன்னும் பொய் சொல்லலையே மச்சான்?”

“நீ ஒன்னும் பொய் சொல்லல.”

அதுதான் விஷயம், சஃபியா. அவன் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அவனுடைய கதையில் அந்தப் போன் யாருடையது என்பது முக்கியமே இல்லை, அவனுக்கு அது தெரிந்த விஷயம், அதனால் விட்டுவிட்டான். நீ கேட்ட இடத்தில் அந்த ஒரு விஷயம் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. அவளைக் குழிக்குள் வைக்க நான் ஏன் இறங்கவில்லை என்றும் அவன் சொல்லவில்லை. நான் குழி ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை ஊன்றினேன். ஒரு பெரியவர் என் முழங்கையைப் பிடித்தார். “மாப்பிள்ள, மௌத்தோட பந்தம் அத்துப்போச்சு. இனி நீங்க அந்நியம். கூடப் பொறந்தவுக எறங்கட்டும்” என்றார். அப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள், அப்படியில்லை என்று சிலர் சொல்வார்கள். அன்றைக்கு அங்கே வாதாட என்னிடம் வாய் இல்லை. காலையில் மைக்கில் அவள் பெயரைச் சொல்லாமல் என்னுடைய மனைவி என்றார்கள். சாயந்திரம் குழி ஓரத்தில் நான் அவளுக்கு யாரும் இல்லை என்றார்கள். நான் தள்ளி நின்றேன். காஜாவின் போன் என் கையில் அடித்தது. அதை எப்படிக் கட் பண்ணுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நீ இனிமேலும் எழுதப்போகிறாய். உன்னை எழுதாதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, இஷ்டமும் இல்லை. நான் சொல்வது ஒன்றுதான். ஒருவரை ‘நான்’ என்று பேசவைத்தால், அந்த ஆள் எங்கே நிற்கிறார், அங்கிருந்து அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று முதலில் போய் அந்த இடத்தில் நின்று பார். கட்டிலில் இருந்து ஜன்னல் தெரியாது என்றால் தெரியாதுதான். அது தெரியாமல் போனதும் கதைதான் என்று எனக்குப் படுகிறது. உனக்கு ஒருவர் ஒன்றைச் சொன்னால், உண்மையா பொய்யா என்று மட்டும் பார்க்காதே. அதை யாருக்காகச் சொன்னார், எதை விட்டுவிட்டுச் சொன்னார் என்று பார். உன் அம்மா உனக்காக ஒன்று சொன்னாள், எனக்காக ஒன்று சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குப் பிறகு நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம். நாம் பேசாமல் இருந்தோம். இந்தக் கடிதத்திலும் ஒரு ‘நான்’ இருக்கிறான். அவனையும் அப்படியே நம்பிவிடாதே. அவன் அடிபட்டவன், தன் பக்கத்தைத்தான் சொல்வான். ஆஸ்பத்திரியில் அவள் கீழே போ என்றதும் அவன் மறுபேச்சுப் பேசாமல் போனானே, அதில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததா என்று நீ அவனைக் கேட்கலாம். நேராகக் கேள்.

நீ கேட்ட ஒரு வார்த்தை: சரி. புத்தகத்தில் போடு. எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் மேலும் ஆறவில்லை, அவள் மேலும் ஆறவில்லை. ஆறியபிறகு சொல்லலாம் என்றால் உன் புத்தகம் வராது. நிபந்தனை எதுவும் இல்லை. போன் என் கையில் இருந்ததாகவே இருக்கட்டும். அந்தக் கதையில் பேசுகிறவளுக்கு அவ்வளவுதான் தெரியும். ஜன்னலைப் பற்றி மட்டும் யோசி. அங்கே நின்றது நீ. பாட்டில் நிரம்பி வழிந்து உன் கையெல்லாம் நனைந்திருக்கும், அதையும் நீ எழுதவில்லை.

இன்னொன்று. ‘ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லவில்லை’ என்று ஆரம்பித்தாயே, கதை முடிகிற வரைக்கும் தேடிப் பார்த்தேன். நீயும் சொல்லவில்லை. அவள் அந்தக் கதையில் ஒருத்தருக்கு மனைவி, ஒருத்திக்கு அம்மா. மோதினாரை எப்படிக் குறை சொல்வாய்? இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் திரும்பப் படித்துப் பார்த்தேன், நானும் எழுதவில்லை. நேரில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவள் பெயர் சத்தமாகக் கேட்ட ஒரே இடம் நம் வீட்டுப் பின்னறைதான். ரிப்பேர் முடிந்த மைக்கை நான் அவளிடம் நீட்டுவேன், ஏதாவது பேசு என்பேன். எல்லாரும் ‘ஒன்னு, ரெண்டு, மூனு’ என்பார்கள். அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாய். அவள் முழுசாக முடிக்கிற ஒரே வாக்கியம் அதுதான். அதைக் கதையில் எங்கே வேண்டுமானாலும் வை, ஆனால் அவளையே சொல்லவிடு.

“ஹலோ, ஹலோ. ஜெய்த்தூன் பேசுறேன். கேக்குதா?”

அத்தா